கீபோர்டில் வைத்த சந்தனம்

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் செய்முறைத் தேர்வை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, பழியை அவள் தாய் அரைத்துக் கொடுத்த சந்தனத்தின் மேல் போட்டேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. செய்தபோதே எனக்கு எல்லாம் தெரியும்.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம். வருத்தம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. என் மேல் கோபம், என் மகன் மேல் கோபம். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக் கும்பிடு போடுகிற ஊர்க்காரர்கள் மேலும் கோபம். அவர்கள் கும்பிடுகிற ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

உத்தமபாளையம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தேன். மைக்ரோபிராசசர் லேப் என் பொறுப்பு. அங்கே மேசைக்கு ஒன்றாகச் சின்னக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒரே பச்சைப் பலகையில் மூளை, நினைவகம், இரண்டு வரி காட்டும் கண்ணாடித் திரை எல்லாம் அடங்கிவிடும். பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. நாங்கள் 'கிட்' என்போம். அதில் ஒரு சாதாரணக் கீபோர்டைச் சொருக வேண்டும். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் சுவர் கரண்டை ஐந்து வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளை. கீபோர்டுக்குத் தனிக் கரண்ட் கிடையாது. பலகைக்கு வருவதில்தான் அதற்கும் பங்கு. பெட்டி தளர்ந்தால் பல நேரம் முதலில் சாவது கீபோர்டுதான். பார்க்கிறவன் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைப்பான்.

இதைத்தான் வருடக்கணக்கில் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தேன். "கீபோர்டு வேலை செய்யலையா? நல்ல கீபோர்டு ஒண்ணை மாத்திச் சொருகிப் பாரு. அதுவும் வேலை செய்யலையா? கீபோர்டைத் திட்டாதே, பவரைப் பாரு." பையன்கள் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள். கேன்டீனில் ஒருவன், "டீ ஆறிப் போச்சுடா" என்றால் மற்றவன் என் குரலில், "நல்ல டீ ஒண்ணை மாத்திக் குடிச்சுப் பாரு. அதுவும் ஆறியிருந்தா மாஸ்டரைப் பாரு" என்பான். எனக்குக் காதில் விழும். பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் இறுதியாண்டில் இருந்தவர்களில் அந்தப் பெண்ணின் கைவேலைதான் சுத்தம். தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் உள்ள குடும்பம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம் என்பது அவள் கணக்கு. அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எல்லாப் பாடமும் ஒரே மூச்சில் பாஸானால் மேலே படிக்கலாம். ஒன்று போனாலும் புத்தகத்தை மூட வேண்டியதுதான். லேபில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு அவள்தான் சந்தனம் கொண்டுவந்தாள். கடையில் விற்கிற பொடி இல்லை. அவள் அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டையைக் கல்லில் இழைத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வழித்துக் கொடுத்திருந்தார். லேபே மணத்தது. கிட்டுக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போனாள்.

"ஏம்மா, இப்படி அப்புனா எந்திரத்துக்குச் சளி பிடிச்சுக்கிரும்" என்றேன்.

"பிடிக்கட்டும் சார். ஃபேனே ஓடாத லேபு, எந்திரமாவது குளிர்ந்து இருக்கட்டும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பொட்டு வைத்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீபோர்டின் மேல் விளிம்பில், மூன்று சின்னப் பச்சை விளக்குகள் இருக்குமே, அவற்றுக்குப் பக்கத்தில். எழுத்துக் கட்டைகளின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. காய்ந்த பிறகும் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே இருந்தது.

மார்ச் மாதம் என் மகன் மதுரையிலிருந்து வந்தான். பொறியியல் கடைசி வருடம். திராட்சைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர் வால்வைத் தானாகத் திறந்து மூடுகிற ஒரு அமைப்பு, அதுதான் அவனுடைய புராஜெக்ட். அவனும் இதே மாதிரி ஒரு பலகையைத்தான் வைத்திருந்தான்.

"அப்பா, வால்வு தொறக்கும்போதெல்லாம் கீபோர்டு செத்துப் போகுது. மாத்திப் பாத்துட்டேன், அதுவும் சாகுது."

"ஏலே, அப்ப சப்ளை பத்தலை."

"அது எனக்குத் தெரியாதா? நாளைக் கழிச்சு டெமோ. இப்போ நான் எங்க போய் வாங்க? உங்க லேபுல சும்மாதானே கெடக்கு, ஒண்ணை எடுத்துக் குடுங்க. ஒரு வாரத்துல கொண்டாந்துடுறேன்."

சும்மா கிடக்கவில்லை. ஆறாம் எண் கிட்டின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரையும் சர்க்யூட்டையும் கழற்றி மகனுக்குக் கொடுத்தேன். காலிப் பெட்டிக்குள் வீட்டு ரேடியோவுக்கு வைத்திருந்த எலிமினேட்டரைப் போட்டேன். பேட்டரிக்குப் பதில் சுவரில் மாட்டுகிற அந்தச் சின்ன டப்பா எல்லார் வீட்டிலும் உண்டு. நாலரை வோல்ட்டில் திருகி வைத்தால் மீட்டர் ஐந்துக்கு மேல் காட்டியது. கிட்டை மாட்டினேன், ஓடியது. மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பெட்டிதான். சுவரில் கரண்ட் கொஞ்சம் இறங்கினாலும் அது தாங்காது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

மகனுக்குப் பரிசு கிடைத்தது. ஒரு வாரத்தில் வர வேண்டிய சப்ளை வரவில்லை. ஹாஸ்டல் நண்பனிடம் இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்றான். பிறகு மறந்துவிட்டேன் என்றான். நான் போய் வாங்கி வந்திருக்கலாம். மதுரை ஒன்றும் வடதுருவம் இல்லை.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு வந்தது. வேறு கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். மதியத்துக்குள் முடித்துவிட்டுக் கம்பத்தில் பிரியாணி சாப்பிட்டுப் பஸ் ஏறுவது அவர் திட்டம். கேள்வியும் மேசை எண்ணும் குலுக்கல் முறையில். ஒரு டம்ளரில் சீட்டுகளை மடித்துப் போட்டு எடுக்கச் சொல்வோம். அந்தப் பெண் எடுத்தாள். ஆறு.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அந்த கிட்டில் கோளாறு, வேறு சீட்டு எடு' என்று சொன்னால் போதும். என்ன கோளாறு என்று தேர்வாளர் கேட்பார். பெட்டியைத் திறப்பார். அதனால் பேசாமல் இருந்தேன். காலையில் கரண்ட் நன்றாகத்தான் இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

லேபுக்குப் பின்னால் தோட்டங்கள். பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் விடுவார்கள். எப்போது விட்டாலும் தண்ணீர் வீணாகக் கூடாது என்று எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்த நிமிடமே ஆள் போகாமல் அத்தனை மோட்டாரும் ஒன்றாக உறுமும். லேபில் டியூப்லைட் மஞ்சளாகிக் கண்ணடிக்கும். மற்ற கிட்டுகள் அதைத் தாங்கும். அவற்றின் பெட்டிக்குள் உண்மையான சப்ளை இருந்தது.

அவள் புரோகிராமை முக்கால்வாசி அடித்துவிட்டாள். அப்போது மோட்டார்கள் கிளம்பின. டியூப்லைட் மங்கியது. ஆறாம் மேசைக் கீபோர்டில் மூன்று விளக்குகளும் சேர்ந்து ஒருமுறை மின்னி அணைந்தன. அதன் பிறகு எந்தக் கட்டையை அழுத்தினாலும் திரையில் ஒன்றும் வரவில்லை.

அவள் பதறவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். கீபோர்டு பிளக்கைக் கழற்றினாள், பின்னைப் பார்த்தாள், திரும்பச் சொருகினாள். ரீசெட் போட்டாள். அடித்ததெல்லாம் போயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலு எழுத்துக்குள் மறுபடி செத்தது. கையைத் தூக்கினாள்.

"சார், பக்கத்து மேசையில முடிச்சுட்டாங்க. அந்தக் கீபோர்டை மாத்திப் பாக்கட்டுமா?"

என் வாழ்க்கையில் நான் சொல்லிக் கொடுத்த ஒரே உருப்படியான விஷயத்தை அவள் என்னிடமே கேட்டாள். மாற்றிப் பார்த்தால் நல்ல கீபோர்டும் சாகும். அடுத்தது பவரைப் பார் என்றுதான் போக வேண்டும். பெட்டி திறக்கும்.

"வேண்டாம். எதையும் தொடாதே" என்றேன்.

"சார், லைட்டு மங்கும்போதுதான் சாகுது. சப்ளைதான் சார்..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கத்தினேன். லேபே திரும்பிப் பார்த்தது. தேர்வாளர் எழுந்து வந்தார். கீபோர்டைப் பார்த்தார். விளிம்பில் காய்ந்த சந்தனம். "இது என்ன சார்?" என்றார்.

அந்த ஒரு விநாடியில் பொய் தானாக வந்து என் வாயில் உட்கார்ந்தது. "ஆயுத பூஜைக்கு இந்தப் பொண்ணுதான் சந்தனத்தை அப்புச்சு. தண்ணி உள்ள இறங்கியிருக்கும். சொன்னாக் கேக்காதுக."

"சாமி பேரைச் சொல்லி மெஷினைக் கெடுக்குறது நம்ம ஆளுகளுக்கு வழக்கம்தான்" என்று தேர்வாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் டியூப்லைட்டைப் பார்த்தேன். முடிவு வராத செய்முறைக்கு என்ன மதிப்பெண்ணோ அதைப் போட்டார். அவள் தோற்றாள்.

தேர்வு முடிவு வந்ததும் அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"சார், எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு? அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிருவேன்."

அவரிடமும் சந்தனம் என்றேன். நான் ஒன்றும் செய்ய முடியாது, எந்திரம் அது, ஈரம் ஆகாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அவ ஆத்தா வேலைதான் இது. விடியக்காலம் எந்திரிச்சு அரைச்சா" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

மே மாதம் மகன் பெட்டிக்குள் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தான். பழையபடி பொருத்தினேன். அதே கீபோர்டு, அதே சந்தனம், ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் ஓடியது. எலிமினேட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி சமையலறை ரேடியோவுக்கு மாட்டினேன். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் அது ஓடும். என் மனைவிக்கு அது வெறும் ரேடியோ.

அடுத்த தவணையில் அவள் அந்தப் பாடத்தை எழுதிப் பாஸானாள் என்று கேள்விப்பட்டேன். அவள் அப்பா நிபந்தனையிலிருந்து இறங்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். போய்ப் பேசியிருக்கலாம். நான் போகவில்லை. இதை நினைக்கும்போதுதான் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. தேர்வு நாளில் பயந்தேன், சரி. அதற்குப் பிறகு வந்த இத்தனை நாளும் எதற்குப் பயந்தேன்? ஒருவரும் என்னைத் துரத்தவில்லையே.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, குச்சனூருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சின்னமனூரில் பஸ் மாறினேன். ஆயுத பூஜைக்கு மறுநாள். எல்லாக் கடையிலும் வாழைக்கன்று, லேத்துப் பட்டறையிலிருந்து தராசு வரைக்கும் சந்தனம் குங்குமம். ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மட்டும் வாசலில் மாலை இருந்தது, மேசைகளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. கல்லாவில் அவள்.

"சார்! நல்லா இருக்கீகளா? வாங்க, உள்ள உக்காருங்க."

உட்கார்ந்தேன். தேநீர் வரவழைத்தாள். கடை அவளுடையது. பேச எதுவும் இல்லாமல், "எந்திரத்துக்குப் பொட்டு வைக்கலியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எங்க ஆத்தா விடமாட்டாக சார். சந்தனக் கல்லையே யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாக. வீட்டுல சண்டை வந்தா அப்பா இன்னமும் அதைத்தான் இழுப்பாக. குழம்புல உப்புக் கூடுனாக்கூட 'சந்தனம் அரைச்ச கைதானே'ன்னு" என்று சொல்லிச் சிரித்தாள். மாவு அரைக்கும் மெஷின் கெட்டாலும் அதே பேச்சுத்தானாம்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தேனி வரும் வரைக்கும் பஸ்ஸில் எனக்கு உடம்பு எரிந்தது. நான் ஒரு பெண்ணைத் தோற்கடித்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் தாய் என் பொய்யை வருடக்கணக்கில் தன் அடுப்படியில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளே போனேன். கடையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் திருப்புளி இருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார், சப்ளைதான்னு. ஏன் மாத்தவிடலைங்கறதுதான் தெரியலை. நீங்க இவ்வளவு கோவப்படுறீகன்னா எனக்குத்தான் என்னமோ தப்பாத் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன்." திருப்புளியை மறுபடி கையில் எடுத்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? வீட்டுல வந்து சொல்லுங்க."

போனேன். அவள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா அடுக்களை வாசலில் நின்றார். நான் சொல்லி முடித்தேன். அப்பா சிரித்துவிட்டார்.

"பெரியவுக மனசு. எங்க வீட்டுச் சண்டை உங்க காதுக்கு வந்துருச்சு. அதை நிறுத்தணும்னு பழியை நீங்க தூக்கிக்கிறீக. வாத்தியார்னா இப்படித்தான் இருக்கணும்."

என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்! பொய் சொன்னபோது நம்பினார். உண்மையைச் சொன்னால் எனக்கு இன்னொரு கும்பிடு.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சார், அந்த எலிமினேட்டர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மாத்திப் பாத்துருவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவிலிருந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். பாலிடெக்னிக்கில் பழைய கிட்டுகளைக் கழித்தபோது பழைய இரும்புக்காரரிடமிருந்து ஒன்றை அவள் வாங்கி வைத்திருந்தாள். எத்தனையாம் எண் என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் வைத்து எலிமினேட்டரை மாட்டி, கீபோர்டைச் சொருகினாள். எழுத்து வந்தது.

"ஆத்தா, மோட்டாரைப் போடு" என்றாள்.

அம்மா போய் வீட்டுக் கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டார். லைட் மங்கியது. மூன்று பச்சை விளக்குகளும் மின்னி அணைந்தன. அவள் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு கீபோர்டை மாற்றினாள். அதுவும் இல்லை. எலிமினேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல சப்ளையை மாட்டினாள். "இப்ப நிறுத்தி நிறுத்திப் போடு ஆத்தா." அம்மா போட்டார், நிறுத்தினார், போட்டார். லைட் மங்கி மங்கி எரிந்தது. திரையில் எழுத்து நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. போதும் என்று மகள் சொன்ன பிறகும் அம்மா அந்தச் சுவிட்சை விடவில்லை.

அப்பா எழுந்தார். "அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப உனக்கு இது தெரியும்?"

"தெரியும்."

"துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேனே. எந்திரிச்சு வெளிய போ."

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என்னை 'நீ' என்று சொன்ன முதல் ஆள் அவர். எழுந்தேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, என்னிடம் இல்லை, அவரிடம். "அந்தாளை வெரட்டிட்டா ஆச்சா? இத்தனை வருசம் நீங்க சொன்னதுக்கு? இங்கன நிண்டு எனக்குப் பதில் சொல்லிட்டு அங்கிட்டுப் போங்க." அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பாலிடெக்னிக்குக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். பழைய விஷயம், ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. மகனிடம் சொன்னேன். "இதைப் போய் வெளிய சொல்லிக்கிட்டு... என் பேரையும் இழுத்தீங்களாப்பா?" என்றான். இழுத்தேன் என்றேன். போனை வைத்துவிட்டான். பெங்களூரிலிருந்து இப்போதெல்லாம் அவன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். அந்தப் பெண்ணுக்கு அவள் படிப்பு திரும்பவில்லை. மாலைக் கல்லூரி எதிலாவது சேரலாமே என்று ஒருமுறை ஆள் மூலம் கேட்டுவிட்டேன். "கடையை யாரு பாப்பாக, சாரா?" என்று பதில் வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சின்னமனூர் வழியாகத்தான் போனேன். வேண்டுமென்றே போனேன். அவள் கடைக்குள் அவள் அம்மா கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அங்கன வேண்டாம் ஆத்தா, கீபோர்டுல வைக்காத. மேசைக் காலுல வை" என்று மகள் சொன்னது ரோடு வரைக்கும் கேட்டது.

"ஏன்டி, சந்தனம் கெடுக்காதுன்னு நீதானே காட்டுன?"

"அது வெளிம்புல வச்ச சந்தனம். நீ இப்ப எழுத்துக் கட்டை மேலயே வழிக்கிற."

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. திரும்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் ஆணியில் என் எலிமினேட்டர் ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.